பிளைவுட் படகின் உட்புறம்: எபாக்ஸியிலிருந்து கடைசிக் கோட் வரை

பிளைவுட்டில் கட்டிய சிறு படகு வெளிப்பக்கத்திலிருந்து அழுகுவது அபூர்வம். வெளியே கண்ணாடி இழைத் துணி ஒட்டியிருக்கும், கரையில் ஏற்றினால் காய்ந்தும்விடும். உள்ளேதான் வினை. பெஞ்சுக்கு அடியிலும் குறுக்குச் சட்டத்தின் மூலையிலும் மழைத்தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். உப்புத்தண்ணீரை விட மழைத்தண்ணீர்தான் மரத்துக்குப் பெரிய எதிரி, ஏனென்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. கடலில் ஓடும் காலத்தில் நன்றாக இருந்த படகு, வீட்டு வாசலில் மூடாமல் கிடந்த ஒரே மழைக்காலத்தில் இற்றுப்போவது இதனால்தான்.

அதனால் உட்புறத்துக்கு அடிக்கிற பெயின்ட் அழகுக்கு அப்புறம்தான். தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓட வேண்டும், மரம் எந்த இடத்திலும் வெறுமையாக இருக்கக் கூடாது, எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) மேல் வெயில் நேரடியாகப் படக் கூடாது. இந்த மூன்றுக்காகத்தான் இத்தனை வேலையும்.

இங்கே எடுத்துக்கொள்வது செம்புக் கம்பியால் தைத்து எபாக்ஸியால் ஒட்டிய 14 அடிப் படகு. 1963-ல் இங்கிலாந்தில் வந்த மிரர் டிங்கி என்ற சிறு பாய்மரப் படகு, தைத்து ஒட்டும் இந்த முறையை வீட்டுக் கொல்லைகளுக்குக் கொண்டுபோனது. 1980-களில் கன்னியாகுமரிக் கரையில் பிளைவுட் வள்ளங்கள் வந்தபோதும் இதே முறைதான். 6 மி.மீ. ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட், இரண்டு பெஞ்ச், அணியத்தில் (முன்முனையில்) சின்னதாய் ஒரு மூடிய அறை என்று வைத்துக்கொள்வோம். பெஞ்சின் அடிப்பக்கம், சட்டங்களின் இருபக்கம் எல்லாம் சேர்த்தால் உட்புறம் சுமார் 130 சதுர அடி வரும். கணக்குப் போடும்போது அடிப்பக்கங்களை மறந்துவிட்டுப் பாதி வேலையில் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம்.

வாங்க வேண்டியது: மூன்று கோட்டுக்கு எபாக்ஸி 5 கிலோ (ரெசினும் ஹார்டனரும் சேர்த்து), டூ-பேக் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும்) எபாக்ஸி பிரைமர் 3 லிட்டர், மேல் கோட்டுக்கு டூ-பேக் பி.யு. (பாலியூரித்தேன் பெயின்ட்) 3 லிட்டர், இரண்டுக்கும் அந்தந்தக் கம்பெனி சொல்கிற தின்னர் ஒவ்வொரு லிட்டர். உப்புத்தாள் 80, 120, 220 நம்பர்களில். 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர் ஒரு டஜன். துடைக்க வெள்ளை பனியன் வேஸ்ட் மட்டும் வாங்குங்கள். கலர் வேஸ்டில் தின்னர் பட்டால் சாயம் இறங்கி வெள்ளைப் பிரைமரில் ஒட்டிக்கொள்ளும்.

பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

முதலில் ஓட்டைகள். துடுப்புக் கொண்டி, கயிறு கட்டும் கிளீட், கைப்பிடி என்று எதை எங்கே பொருத்தப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து துளை போட்டுவிடுங்கள். பெயின்ட் முடிந்த பிறகு போடும் ஒவ்வொரு துளையும் மரத்துக்குள் தண்ணீர் போகிற வாசல். 4 மி.மீ. ஸ்குரூ வேண்டிய இடத்தில் 10 மி.மீ. துளை போட்டு, அடியில் டேப் ஒட்டி, சிலிக்கா கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, மறுநாள் அதன் நடுவில் திரும்பத் துளை போட வேண்டும். ஸ்குரூ எபாக்ஸிக்குள் நிற்கும், மரத்தைத் தொடாது.

அடுத்தது தண்ணீர் ஓடும் வழி. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் அடியிலும், நடுக்கோட்டை ஒட்டி 25 மி.மீ. அளவில் வழி இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் மீன் செதிலும் கயிற்றுத் தும்பும் போய் அடைத்துவிடும். அந்த வழிக்குள் பிளைவுட்டின் வெட்டுமுனை திறந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் எபாக்ஸி தடவி, உறிஞ்ச உறிஞ்ச மூன்று முறை கொடுங்கள். சிலர் பி.வி.சி. குழாயைச் செருகிவிடுவார்கள். வேண்டாம். பி.வி.சி.யில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் குழாய் ஆடத் தொடங்கும், குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும்.

விளிம்புகள் எல்லாவற்றையும் விரல் வைத்து உருட்டிப் பாருங்கள். கூராக இருக்கிற விளிம்பில் ஈரப் பெயின்ட் தன்னாலே பின்வாங்கும், அங்கே படலம் மெல்லிசாகிவிடும். முழங்காலும் மீன் பெட்டியும் முதலில் இடிப்பதும் அதே விளிம்பில்தான். குறைந்தது 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். உள்மூலைகளில் எபாக்ஸி வளைவு 20 முதல் 25 மி.மீ. ஆரத்தில் இருந்தால் பிரஷ்ஷும் போகும், பிறகு கழுவும் துணியும் போகும். செங்கோண மூலையில் இரண்டுமே போகாது.

எபாக்ஸி: சாயங்காலம் அடிக்க வேண்டியது

வெறும் மரத்தில் முதல் கோட் எபாக்ஸியைக் காலையில் அடித்தால், வெயில் ஏற ஏற மரத்தின் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும். இறுகிக்கொண்டிருக்கும் எபாக்ஸியில் அது குண்டூசித் துளைகளாக நிற்கும். மதியம் மூன்று, நான்கு மணிக்கு மேல், சூடு இறங்குகிற நேரத்தில் அடித்தால் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுக்கும். அதே மரம், அதே எபாக்ஸி. நேரம்தான் வித்தியாசம்.

ரெசினையும் ஹார்டனரையும் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கலக்குங்கள். டப்பாவில் எடை விகிதம், அளவு விகிதம் என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் எண்ணை வைத்து மற்றொன்றில் அளந்தால், எபாக்ஸி ஒரு மாதம் ஆனாலும் பிசுபிசுக்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழி கிடையாது. "சீக்கிரம் காயட்டும்" என்று ஹார்டனரைக் கூட்டினாலும் இதே கதிதான். நம் வெயிலில் ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததைக் கப்பிலேயே வைக்காமல் உடனே அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் சூடு தங்காது, வேலை செய்ய நேரம் கிடைக்கும். கப்பில் விட்டால் புகைந்துவிடும்.

முதல் கோட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் போகும், அடுத்தவற்றுக்கு 100 கிராம் போதும். முதல் கோட் கையில் ஒட்டாமல், நகம் வைத்தால் பள்ளம் விழுகிற பதத்தில் இருக்கும்போதே இரண்டாவதை அடித்தால் இடையில் தேய்க்க வேண்டியதில்லை. விடிந்து பார்த்து நன்றாக இறுகியிருந்தால் கழுவித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது. அணியத்து அறையை மூடுவதற்கு முன்பே அதன் உள்பக்கத்துக்கு மூன்று கோட் கொடுத்துவிட வேண்டும், பிறகு கை நுழையாது. வெயில் படாத மூடிய அறைக்குள் பெயின்ட் கட்டாயமில்லை, எபாக்ஸியே போதும். பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால் மேல்பலகை ஒட்டுகிற இடங்களில் டேப் ஒட்டி மறையுங்கள். பெயின்ட் மேல் ஒட்டிய பலகை, பெயின்ட்டோடு பெயர்ந்து வரும்.

கழுவுதல்

பெயின்ட் உரிந்துபோன படகுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பெயின்ட் அல்ல, இந்த இடத்தில் விட்ட குறை. பல எபாக்ஸி ஹார்டனர்கள் இறுகும்போது காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலத்தை விடும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் மெழுகு தேய்த்த மாதிரி வழுக்கும். கடலோரத்து ஈரக் காற்றில் இது அதிகமாகவே வரும்.

தின்னரால் துடைத்தால் போய்விடும் என்று நினைப்பவர்கள் அநேகம். போகாது, இடம் மாறும். தண்ணீரில் கரைகிற சரக்கு அது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், துளி பாத்திர சோப்பு, பச்சை ஸ்க்ரப்பர், இவ்வளவுதான். ஒரு சதுர மீட்டர் தேய்த்ததும் அந்தத் தண்ணீர் காய்வதற்குள் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், காயவிட்டால் படலம் திரும்ப அங்கேயே படிந்துவிடும். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசல்.

தேய்ப்பதற்கு முன்பு கழுவ வேண்டும் என்பதை இன்னொரு முறை சொல்லலாம். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாளில் வெள்ளை வெள்ளையாக உருண்டை பிடித்து, ஐந்து நிமிடத்தில் தாள் வழுவழுப்பாகிவிடும். அதோடு அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் அழுந்திவிடும், அப்புறம் கழுவினாலும் வராது.

சரியாகப் போயிற்றா என்று பார்க்க, கழுவிய பரப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். விரிந்து ஒரே ஏடாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. இந்தச் சோதனையைத் தேய்த்த பிறகும் ஒருமுறை செய்யலாம்.

கடற்கரையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்பு. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் இரவுக்குள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய உப்புப் படிவு இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அன்று ஒன்றும் தெரியாது. படகில் தண்ணீர் தேங்கிய பிறகு, அடியில் சிக்கிய உப்பு ஈரத்தைப் படலம் வழியாக உள்ளே இழுத்து, கடுகளவில் கொப்புளங்கள் எழும். ஆகவே ஒவ்வொரு பெயின்ட் கோட்டுக்கும் முன்னால், முந்தின நாள்தான் கழுவினோம் என்றாலும், நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்துத்தான் அடுத்தது.

பட்டியும் தேய்ப்பும்

பள்ளம், துணியின் நெசவு, மூட்டுகளில் ஒட்டிய கண்ணாடி இழை டேப்பின் விளிம்பு இவற்றை மூட எபாக்ஸியில் மைக்ரோபலூன் (உள்ளீடற்ற நுண்குமிழித் தூள்) கலந்து பட்டி போடுங்கள். நீர்மோர் பதத்தில் ஓடக் கூடாது, தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் வழியாமல் நிற்க வேண்டும். வீட்டுச் சுவருக்கான பட்டி, கார் பட்டறை என்.சி. பட்டி, சுண்ணாம்புப் பொடி லப்பம் எதுவும் படகுக்குள் வரவே கூடாது. ஈரம் பட்டால் ஊதி, மேலே இருக்கும் பெயின்ட்டையும் தூக்கிக்கொண்டு வரும்.

80 நம்பரில் தட்டையாக்கி, 120-ல் முடித்தால் பிரைமருக்குப் போதும். இன்னும் வழவழப்பாக்கினால் பிரைமர் பிடிக்க இடம் இல்லாமல் போகும். பளபளப்பான புள்ளிகள் எங்கும் தெரியக் கூடாது, பளபளப்பு இருக்கிற இடம் தாள் தொடாத இடம். வளைவான மூலைகளுக்குப் பழைய தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அதில் தாளைச் சுற்றித் தேய்த்தால் வளைவு கெடாது. மரத்தின் நிறம் திடீரென்று அடர்ந்து தெரிந்தால் எபாக்ஸியைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப ஒரு கோட் கொடுங்கள்.

முழுதாக இறுகாத எபாக்ஸித் தூள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் ஹார்டனர் டப்பா பக்கத்தில் போனாலே அரிக்கும். முகமூடி, முழுக்கைச் சட்டை, கையுறை. கையில் பட்ட எபாக்ஸியைத் தின்னரால் கழுவுவது அதைத் தோலுக்குள் ஏற்றுகிற வேலை, சோப்பே போதும்.

எபாக்ஸிக்குப் பிறகு ஒரு வாரம் விட்டுத்தான் பெயின்ட்.

பிரைமர்

இரண்டு கோட். முதலாவதில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்தோ, சாம்பல் பிரைமர் வாங்கியோ அடித்து, இரண்டாவதை வெள்ளையாக அடியுங்கள். விட்டுப்போன இடம் தானாகத் தெரியும். தேய்க்கும்போதும் சாம்பல் எட்டிப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று புரியும். லிட்டருக்கு 80 முதல் 90 சதுர அடி வரும்.

கலந்தவுடன் அடிக்காமல், டப்பாவில் எழுதியிருக்கிற நேரம், பெரும்பாலும் ஒரு கால் மணி, விட்டு அடிக்க வேண்டும். முதல் கோட் ரோலரில் போனபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அதுவரை தெரியாத பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். பட்டி திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டாவது காய்ந்ததும் 220-ல் தேய்த்து, கழுவிக் காயவையுங்கள்.

மேல் கோட்

எந்தப் பெயின்ட் என்பதில் ஒரு கருத்து உண்டு. சாதாரண எனாமல் மலிவு, திருத்துவது சுலபம், பெஞ்சுக்கு மேலும் பக்கப் பலகைக்கும் மோசமில்லை. ஆனால் புதிய எபாக்ஸி மேல் நேராக எனாமல் அடித்தால் சில நேரம் நாள்கணக்கில் காயவே காயாது. எபாக்ஸி ஹார்டனரிலிருந்து மீந்திருக்கும் அமீன் அதைக் காயவிடாது. தண்ணீர் நிற்கிற அடிப்பகுதியில் எனாமல் மெதுவாக ஊறி இளகிவிடும். எனவே அடிப்பகுதிக்காவது டூ-பேக் பி.யு. அல்லது எபாக்ஸிப் பெயின்ட்தான் சரி. ஃபர்னிச்சர் பாலிஷ் கடையில் கிடைக்கிற பி.யு.வை வாங்கிவிடாதீர்கள், அதில் பெரும்பாலானவை வீட்டுக்குள் இருக்கிற மரத்துக்கானவை, வெயிலில் மஞ்சளாகிவிடும். வெளிப்புறத்துக்கான அலிபாட்டிக் பி.யு. என்று கேட்டு வாங்க வேண்டும்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். வீட்டில் இறுகும் எபாக்ஸி பல வகைகளும் 50–60 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். அடர் நீலமோ கறுப்போ அடித்த பலகை நம் வெயிலில் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும், அடியிலிருக்கும் துணியின் நெசவு மேலே தெரியத் தொடங்கும். அதற்காகச் சுத்த வெள்ளையும் வேண்டாம், நடுக்கடலில் கண் கூசும். வெளிர் சாம்பலோ தந்த நிறமோ உட்புறத்துக்கு ஏற்றது.

எபாக்ஸிக்குச் சாயங்காலம் என்றால் மேல் கோட்டுக்குக் காலை. ஏழரை, எட்டு மணிக்குப் பனி வற்றியதும் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயிலில் பெயின்ட் பிரஷ் முனையிலேயே இழுக்கும், கடற்காற்று மணலையும் கொண்டுவரும். மாலையில் அடித்தால், காய்வதற்குள் பனி விழுந்து பளபளப்பு செத்துச் சாம்பல் பூத்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆடிக் காற்றில் வெளியில் வைத்து மேல் கோட் அடிப்பது மணல் ஒட்டுவதற்குச் சமம். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய்க்குள் வைத்து அடித்தாலும் ஈரம் விடாது.

அடிக்கும் வரிசை: பெஞ்சின் அடிப்பக்கங்கள் முதலில், சொட்டுவது கீழேதான் விழும். பிறகு அணியத்திலிருந்து பின்னோக்கிப் பக்கப் பலகைகள், பெஞ்சின் மேல்பக்கம், கடைசியில் தளம். ஓரிடத்தில் இரண்டு அடி நீளத்துக்கு ரோலரால் மெல்லிசாகப் பரப்பி, உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் ஈரமான பக்கத்தை நோக்கி லேசாக ஒரே இழுப்பு. ரோலர் குமிழைப் பிரஷ் உடைக்கும். திரும்பப் போய்த் தொடக் கூடாது. அரை இறுக்கமான இடத்தில் பிரஷ் பட்டால் கோடு நிற்கும். கெட்டியாக ஒரு கோட்டை விட மெல்லிசாக இரண்டு எப்போதும் மேல். பெயின்ட் இழுத்தால் 5 சதவீதம் தின்னர் சேருங்கள், அதற்கு மேல் பக்கப் பலகையில் வழியும்.

பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதியான இரசாயனம் உண்டு. ரோலர், பிரஷ் வேலைக்கும் கரிம ஆவி வடிகட்டி முகமூடியும், நல்ல காற்றோட்டமும் வேண்டும். துணி முகமூடியால் பயனில்லை. படகுக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது ஆவி அடியில் தங்கும். ஒரு மேஜை மின்விசிறியைத் தள்ளி வைத்து ஓடவிடுங்கள். ஸ்ப்ரே வீட்டில் வேண்டவே வேண்டாம்.

டேப்பைப் பெயின்ட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, அரை மணி முதல் ஒரு மணிக்குள், சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். மறுநாள் எடுத்தால் விளிம்பு கிழிந்து பல்பல்லாக வரும்.

கால் வைக்கிற இடம்

பளபளத் தளத்தில் மீன் வழவழப்பும் தண்ணீரும் சேர்ந்தால் நிற்க முடியாது. சலித்த மணலைப் பெயின்ட்டில் தூவுவது பழைய வழி. நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெறுங்காலையும் முழங்காலையும் தேய்த்துவிடும், மேலே பெயின்ட் தேய்ந்ததும் ஒவ்வொரு மணலும் தண்ணீர் இறங்கும் வழியாகும். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பும் கிளிஞ்சல் துகளும் இருக்கும்.

சர்க்கரை முறை இதை விட நல்லது. மேல் கோட் முழுதாகக் காய்ந்து 220-ல் தேய்த்த பிறகு, நிற்கிற இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, மூலைகளை ஐந்து ரூபாய்க் காசால் வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள். வடிகால் வழிகளிலிருந்தும் ஃபிட்டிங்குகளிலிருந்தும் ஓர் அங்குலம் வழவழப்பாக விட வேண்டும், இல்லையென்றால் அங்கே அழுக்கு சேரும். கெட்டியாக ஒரு கோட் பி.யு. அடித்து, ரவை அளவுக்கு உடைத்த சர்க்கரையை மேலே உயர்த்திப் பிடித்துப் பெயின்ட் கண்ணில் தெரியாத அளவுக்குக் கொட்டிவிடுங்கள். அளந்து தூவினால் திட்டுத்திட்டாகத் தெரியும். மறுநாள் தளர்ந்ததைப் பெருக்கிவிட்டு, வெந்நீர் ஊற்றிக் கரைத்தால் சர்க்கரை இருந்த இடமெல்லாம் சின்னக் குழி. காலுக்கு இதமாகவும் பிடிப்பாகவும் இருக்கும். தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டில் இது நடக்காது, சர்க்கரை அதிலேயே கரைந்துவிடும். இரவு முழுக்கப் படகைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்காவிட்டால் எறும்புப் படையும் வரும்.

மேல்விளிம்புக்கு வார்னிஷ்

தேக்கு மேல்விளிம்பை வார்னிஷில் விடுவது கண்ணுக்கு நல்லது, கைக்கு வேலை. புற ஊதா தடுக்கும் படகு வார்னிஷ், முதல் கோட் கால் பங்கு தின்னர் கலந்து, பிறகு நான்கைந்து கோட், இடையில் 320 தாள். வருஷம் ஒருமுறை தேய்த்து ஒரு கோட் கொடுக்க மனமில்லையென்றால் இப்போதே பெயின்ட் அடித்துவிடுங்கள். பராமரிக்காத வார்னிஷைச் சுரண்டுவது மொத்தப் பெயின்ட் வேலையை விடக் கொடுமை.

கெட்டுப்போனால்

அம்மைத் தழும்பு மாதிரி வட்டக் குழிகள் விழுந்தால் அடியில் எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. பட்டறையில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்திருந்தாலே போதும். காயவிட்டு, தேய்த்து, கழுவி, திரும்ப அடிக்க வேண்டும். மேலே மேலே அடித்தால் குழி மூடாது. பெயின்ட் தோலாக உரிந்து அடியில் பளபளவென்று எபாக்ஸி தெரிந்தால் கழுவலும் தேய்ப்பும் போதவில்லை. எனாமல் சுருங்கி மடிப்பு மடிப்பாக வந்தால் கெட்டியாகவோ, அடுத்த கோட்டை அவசரமாகவோ அடித்திருக்கிறீர்கள். ஒரு விளிம்பை ஒட்டி மட்டும் மரம் கறுத்தால், அங்கே எங்கோ துளையோ வெட்டுமுனையோ திறந்திருக்கிறது. அந்த இடத்தைப் பெயின்ட்டால் மறைக்காமல், சுரண்டி நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸியிலிருந்து தொடங்குங்கள்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஏழு நாள் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ஏறி நடக்கலாம். மூடிய அறைகளின் மூடியை ஒரு வாரம் திறந்தே வையுங்கள், உள்ளே தங்கிய தின்னர் ஆவி போகாவிட்டால் பெயின்ட் இளகியே இருக்கும். ஃபிட்டிங் போடும்போது அடியில் பாலிசல்ஃபைட் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள், பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் இனி எந்தப் பெயின்ட்டும் நிற்காது. மிச்சமான பி.யு. ஹார்டனர் காற்றின் ஈரத்திலேயே கட்டியாகும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, பெயின்ட் டப்பாவோடு சேர்த்து நிழலில் வைத்தால் அடுத்த முறை கீறல் திருத்தக் கைகொடுக்கும்.